பழைய கார் வாங்கும் புதிய ஓட்டுநருக்கு: விலையை மட்டுமல்ல, அடக்கத்தையும் பாருங்கள்

நம் கடைவீதியில் இப்போது ஒரு மாற்றத்தைப் பார்க்கிறோம். இருசக்கர வண்டியிலேயே காலம் கழித்த வியாபாரிகள் பலர் நாற்பது, ஐம்பது வயதுக்குப் பிறகு டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் கார் ஓட்டக் கற்றுக் கொள்கிறார்கள். மகனும் மகளும் மருமகளும் கற்றுக் கொள்கிறார்கள். உரிமம் கைக்கு வந்த மறுவாரமே வீட்டில் எழும் பேச்சு, "ஒரு பழைய கார் பார்த்தால் என்ன?" என்பதுதான்.

நல்ல யோசனைதான். ஆர்.டி.ஓ. மைதானத்தில் ஆய்வாளர் முன்னிலையில் ஓட்டிக் காட்டுவது வேறு. சந்தை நாளில் தள்ளுவண்டிக்கும் மினி லாரிக்கும் நடுவே ஓட்டுவது வேறு. முதல் ஓராண்டில் கதவு உரசும், பம்பர் இடிபடும், கிளட்ச் தேயும். அந்தப் படிப்புச் செலவைப் புதுக் கார் மீது செய்ய வேண்டியதில்லை. மேலும், புதுக் காரின் விலை முதல் மூன்று ஆண்டுகளில்தான் அதிகமாக இறங்குகிறது. அந்த இறக்கத்தை முதல் உரிமையாளர் ஏற்றுக் கொண்ட பிறகு நாம் வாங்கினால் நமக்கு இலாபம்.

ஆனால் பழைய கார் வாங்குவதில் நம்மவர்கள் ஏமாறுவதையும் பார்க்கிறேன். பருப்பு மூட்டை வந்தால் வாயில் இருக்கும் சரக்கை மட்டும் பார்த்து நாம் விலை பேசுவதில்லை. நடுவிலும் அடியிலும் கையை விட்டு எடுத்துப் பார்க்கிறோம், ஈரம் பார்க்கிறோம், எடை போடுகிறோம், சிட்டையைச் சரிபார்க்கிறோம். இவ்வளவும் செய்யும் நாமே, பாலிஷ் போட்டு நிறுத்தியிருக்கும் காரைப் பார்த்ததும் அரை மணி நேரத்தில் முன்பணம் கொடுத்து விடுகிறோம். மண்டியில் காட்டும் கவனத்தைக் காரிலும் காட்ட வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

அடக்க விலையைப் போடுங்கள்

விற்பவர் சொல்லும் விலை கொள்முதல் விலைதான். வண்டிக்கூலி, ஏற்றுக்கூலி, தரகு, கழிவு எல்லாம் சேர்த்தால்தான் சரக்குக்கு அடக்கம் வரும். காருக்கும் அப்படித்தான். ஓர் உதாரணக் கணக்கு தருகிறேன்.

வண்டி விலை 2,60,000 ரூபாய். பெயர் மாற்றம், கடன் நீக்கம், அலைச்சல் செலவு 5,000. காப்பீடு 9,000. நான்கு டயர் தலா 4,000 வீதம் 16,000. பேட்டரி 5,000. ஆயில், ஃபில்டர், பிரேக் பேடு உள்ளிட்ட முழு சர்வீஸ் 10,000. ஆக மொத்தம் 3,05,000 ரூபாய்.

ஊருக்கு ஊர், வண்டிக்கு வண்டி இந்தத் தொகைகள் மாறும். ஆனால் கணக்கின் பாடம் மாறாது. கையில் மூன்று லட்சம் இருந்தால் இரண்டரை லட்சத்துக்கு மேல் வண்டி பார்க்கக் கூடாது. மீதத்தை ஒதுக்கி வைக்க வேண்டும். முழுப் பணத்தையும் வண்டிக்கே கொடுத்துவிட்டு, தேய்ந்த டயருடன் "அடுத்த மாதம் மாற்றிக் கொள்ளலாம்" என்று ஓட்டுவது யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலைகிற கதை. இதில் ஆபத்து வேறு இருக்கிறது. ஓட்டுபவர் புதியவர், டயரும் வழுக்கை என்றால் மழைக்காலத்தில் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மாதச் செலவையும் பாருங்கள். மாதம் 500 கிலோ மீட்டர் ஓடும், லிட்டருக்கு 15 கிலோ மீட்டர் கொடுக்கும், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால், பெட்ரோலுக்கு மட்டும் சுமார் 3,300 ரூபாய் ஆகும். கடன் வாங்கி வாங்குவதானால், பழைய காருக்கு வட்டி பொதுவாகப் புதுக் காரை விடக் கூடுதல் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

இன்னொரு செய்தி, விலை பேசும்போது பயன்படும். 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டர் நீளத்துக்கு உட்பட்ட, 1,200 சி.சி. வரையிலான பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் 28 சதவீத வரியும் 1 சதவீத செஸ்ஸும் இருந்தன. அதாவது 129 ரூபாய்க்கு விழுந்த சரக்கு 118 ரூபாய்க்கு வந்தது. நூற்றுக்கு எட்டரை ரூபாய் இறக்கம். புதுச் சரக்கு இறங்கினால் பழைய சரக்கும் இறங்க வேண்டும் என்பது சந்தை நியதி. "நான் புதிதாக வாங்கும்போது இவ்வளவு கொடுத்தேன்" என்று விற்பவர் சொன்னால், அதே மாடல் இன்று ஷோரூமில் என்ன விலை என்று கேட்டு வைத்துக் கொண்டு பேசுங்கள். பழைய காருக்கு அளவுகோல் புதுக் காரின் இன்றைய விலையே.

எந்த வயது வண்டி?

நான்கு முதல் எட்டு வயதுக்குள் இருக்கும் வண்டி புதிய ஓட்டுநருக்கு ஏற்றது என்பது என் கருத்து. இதற்கு விலை மட்டும் காரணமில்லை. உயிர்ப் பாதுகாப்பும் காரணம்.

2019 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வரும் எல்லாக் கார்களிலும் ஏ.பி.எஸ். என்னும் பிரேக் அமைப்பு கட்டாயமாயிற்று. பதற்றத்தில் பிரேக்கை முழுவதும் மிதித்தாலும் சக்கரம் பூட்டிக் கொண்டு வழுக்காமல், ஸ்டியரிங் நம் சொற்படி கேட்க இது உதவும். பதற்றத்தில் பிரேக்கை மிதிப்பவர் யார்? புதிதாக ஓட்டுபவரே. 2019 ஜூலை முதல் ஓட்டுநருக்கு ஏர்பேக், பின்னால் எடுக்கும்போது ஒலி எழுப்பும் சென்சார், சீட் பெல்ட் நினைவூட்டல், வேக எச்சரிக்கை ஆகியவை கட்டாயமாயின. பக்கத்தில் அமர்பவருக்கான ஏர்பேக் 2021 டிசம்பர் இறுதியிலிருந்து எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாயிற்று.

ஆகவே 2019 ஜூலைக்குப் பின் தயாரான வண்டி என்றால், பக்கத்தில் அமர்பவருக்கான ஏர்பேக் தவிர மற்ற வசதிகள் அடிப்படை மாடலிலும் இருக்கும். அதற்கு முந்தியதானால் எந்த மாடல், எந்த ரகம் என்று பார்த்து, ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் உள்ளதையே தேடி வாங்க வேண்டும். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு நம் நாட்டின் ஐந்து பிரபலமான சிறு கார்களை, ஏர்பேக் இல்லாத அடிப்படை ரகங்களை, மோதவிட்டுச் சோதித்தது. ஐந்துக்கும் பூஜ்ஜியம் நட்சத்திரமே கிடைத்தது. பிற்பாடு 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரமும், 2020 ஜனவரியில் டாடா டியாகோ நான்கு நட்சத்திரமும் பெற்றன. சிறு காரிலும் பாதுகாப்பு உண்டு, தேட வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஒரு நுணுக்கம் உண்டு. பதிவு செய்த தேதி வேறு, தயாரான மாதம் வேறு. கிடங்கில் கிடந்த பழைய ஸ்டாக் அடுத்த ஆண்டு பதிவாகி இருக்கும். ஆர்.சி.யில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் இருக்கின்றன. அதைப் பார்த்தே வயதைக் கணக்கிடுங்கள்.

பதினைந்து வயதை நெருங்கும் வண்டி மிக மலிவாகக் கிடைக்கும். ஆனால் சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தகுதி பார்த்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான மத்தியக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டைக் கடந்த கார்களுக்கு 2025-இல் 10,000 ரூபாயாக்கப்பட்டது. நம் மாநிலத்தில் பசுமை வரியும் உண்டு. மலிவு என்று வாங்கி, இரண்டு ஆண்டில் இந்தச் செலவில் மாட்டிக் கொள்ள வேண்டாம்.

எந்த மாதிரி வண்டி?

புதியவருக்கு நீளம் குறைந்த, உட்காரும் இடம் சற்று உயர்ந்த, நாலாபுறமும் கண்ணாடி வழியாக நன்றாகத் தெரிகிற கார் வேண்டும். வேகன் ஆர், செலேரியோ, சான்ட்ரோ, ஐ-10, டியாகோ, ஆல்டோ கே-10 போன்றவை நம் ஊர்த் தெருக்களில் அதிகம் ஓடுகின்றன. அதிகம் ஓடும் வண்டிக்கு உதிரி பாகம் சிற்றூரிலும் கிடைக்கும். பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கும் இருப்பார். திரும்ப விற்கும்போதும் கேட்க ஆள் வரும். வேகமாக நகரும் சரக்கையே வாங்கி அடுக்குவது நம் வழக்கம் அல்லவா?

உற்பத்தியை நிறுத்திவிட்ட கம்பெனிகளின் கார்கள் விலை குறைவாக வரும். செவர்லே கார்களின் விற்பனை இந்தியாவில் 2017 இறுதியில் நின்றது. ஃபோர்டு 2021-இல் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. டாட்சன் 2022-இல் நின்றது. இவற்றில் நல்ல வண்டிகளும் உண்டு. அனுபவம் உள்ளவர், பக்கத்தில் சர்வீஸ் வசதி இருப்பவர் வாங்கலாம். முதல் கார் வாங்குபவருக்கு இது தேவையில்லாத தலைவலி.

கிளட்ச் மிதித்து கியர் போடுவது வராதவர்களுக்கு ஏ.எம்.டி. என்னும் தானியங்கி கியர் வண்டிகள் இருக்கின்றன. 2014-இல் செலேரியோவில் இது வந்த பிறகுதான் சாதாரண விலையில் பரவியது. நெரிசலில் ஓட்டும் வயதானவர்களுக்கு நல்ல வசதி. ஆனால் பழையதாக வாங்கும்போது, மேட்டில் நிறுத்தி எடுத்துப் பார்த்து, கியர் மாறும்போது அதிகம் குலுங்குகிறதா என்று கவனிக்க வேண்டும்.

டீசலா, பெட்ரோலா? கடைக்கும் வீட்டுக்கும் ஓடுகிற வண்டிக்குப் பெட்ரோலே போதும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.-6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி இருக்கிறது. அடிக்கடி நீண்ட தூரம் ஓடினால்தான் அது சுத்தமாகும். இரண்டு கிலோ மீட்டர் போய் நிறுத்தும் வண்டியில் அடைத்துக் கொண்டு செலவு வைக்கும்.

பெட்ரோலிலும் ஒரு விஷயம். இப்போது பங்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ-20 பெட்ரோல்தான் பரவலாகக் கிடைக்கிறது. 2023 ஏப்ரல் முதல் தயாரான கார்கள் அதற்கேற்ற பொருட்களால் ஆனவை. அதற்கு முந்திய வண்டியானால் பெட்ரோல் குழாய், ரப்பர் வளையம், கேஸ்கெட் ஆகியவற்றை மெக்கானிக்கிடம் காட்டிப் பாருங்கள். மைலேஜ் சற்றுக் குறையும் என்பதையும் எதிர்பார்த்துக் கொள்ளுங்கள். கேஸ் பொருத்திய வண்டியானால் அது ஆர்.சி.யிலும் காப்பீட்டிலும் பதிவாகி இருக்க வேண்டும். சி.என்.ஜி. சிலிண்டருக்கு மூன்றாண்டுக்கு ஒரு முறை சோதனைச் சான்றும் வேண்டும்.

சரக்கைப் பார்க்கும் முறை

பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மழை பெய்து நனைந்த வண்டியையும், அப்போதுதான் கழுவி ஈரமாக நிற்கும் வண்டியையும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. கீறலும் பெயிண்ட் வேறுபாடும் ஈரத்தில் மறைந்துவிடும்.

போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நாம் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குளிர்ந்த இன்ஜினை நாமே ஸ்டார்ட் செய்தால்தான் குறை தெரியும். புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறது. கரும்புகை என்றால் எரிபொருள் சரியாக எரியவில்லை. ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். அடியில் மோர் போல வெளுத்த பசை இருந்தால் அந்த வண்டியை விட்டுவிடலாம்.

கதவுகளுக்கும் பானெட்டுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா, போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியில் வளைந்து நிமிர்த்திய அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டி பூசிய இடத்தில் விரலால் தட்டினால் ஒலி மந்தமாக வரும். சிறு உரசல் எல்லா வண்டிக்கும் உண்டு. சேஸ் வளைந்த வண்டி மட்டும் கூடாது.

சாவியைத் திருப்பினால் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும், அணையவே இல்லை என்றாலும் சந்தேகம்தான். ஒருமுறை வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல் மூடி மட்டும் போட்டு விற்பவர்கள் உண்டு.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறேழு வயதான டயரில் ரப்பர் இறுகி வெடிப்பு விட்டிருக்கும். மாற்றும் செலவை விலையில் கழியுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. அப்படிப்பட்ட வண்டிகள் சுத்தம் செய்யப்பட்டு உள்ளூர்களுக்கு விற்பனைக்கு வருவது உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை கோடாகத் தெரியும். தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். சீட்டுக்கு அடியில் உள்ள கம்பிகளில் துரு, உள்ளே பூஞ்சை வாடை, அதை மறைக்க அளவுக்கு மீறிய வாசனைத் திரவியம் ஆகியவை அடையாளங்கள். மின் இணைப்புகள் ஒவ்வொன்றாகக் கெட்டு, எப்போது நடுரோட்டில் நிற்கும் என்று தெரியாத வண்டி அது.

ஓடிய கிலோ மீட்டரை அப்படியே நம்ப வேண்டாம். மீட்டரைத் திருத்துவது கடினமான வேலை இல்லை. முப்பதாயிரம் கிலோ மீட்டர் என்று காட்டும் வண்டியில் பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஸ்டியரிங் பளபளத்து, ஓட்டுநர் சீட் அமுங்கி இருந்தால் கணக்கு இடிக்கிறது. கம்பெனி சர்வீஸ் செண்டரில் வண்டி எண்ணைச் சொன்னால் எப்போது எத்தனை கிலோ மீட்டரில் சர்வீஸ் ஆனது என்ற விவரம் இருக்கும். உரிமையாளர் மூலமாக அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, நமக்கு நம்பிக்கையான மெக்கானிக்கை அழைத்துப் போய், அவர் கேட்கும் கூலியைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் அனுப்பும் மெக்கானிக் வேண்டாம். என் அண்ணன் மகள் சென்ற ஆண்டு உரிமம் வாங்கி முதல் கார் பார்த்தபோது, நானும் உடன் போனேன். வண்டி கண்ணுக்கு நன்றாக இருந்தது. விலையும் படிந்து வந்தது. "மெக்கானிக்கிடம் காட்ட ஒரு மணி நேரம் வேண்டும்" என்று அவள் கேட்டதும், விற்பவர் "மாலை வேறு பார்ட்டி வருகிறார்கள், இப்போதே முன்பணம் கொடுத்தால்தான்" என்றார். நான் சற்று யோசித்தேன். அவளோ, "காட்டக் கூச்சப்படும் சரக்கு நமக்கு வேண்டாம் சித்தப்பா, வாங்க போகலாம்" என்று கிளம்பிவிட்டாள். அடுத்த மாதம் ஒரு ஆசிரியர் குடும்பத்திடம் சர்வீஸ் ரசீதுகளோடு வேகன் ஆர் கிடைத்தது. அவசரப்படுத்துகிறவரிடம் வாங்குவதில்லை என்ற மண்டி விதி அவளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

காகிதம் சரியாக இருக்கிறதா?

சரக்கு நன்றாக இருந்து சிட்டை சரியில்லை என்றால் செக்போஸ்டில் நிற்கப் போவது நாம்தான். பரிவாகன் இணையதளத்திலும் எம்-பரிவாகன் செயலியிலும் வண்டி எண்ணைக் கொடுத்தால் பதிவு, காப்பீடு, புகைச் சான்று, கடன் நிலுவை ஆகிய விவரங்கள் தெரியும். போக்குவரத்து அபராதம் பாக்கி உள்ளதா என்பதையும் அங்கேயே பார்த்து, விற்பவரைக் கட்டச் சொல்ல வேண்டும்.

ஆர்.சி.யில் உள்ள சேஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒன்றாக இருக்க வேண்டும். எத்தனையாவது உரிமையாளர் என்பதும் அதில் இருக்கும். டி-போர்டில் வாடகைக்கு ஓடிய வண்டியை ஓன்-போர்டாக மாற்றி விற்பதும் உண்டு. பழைய பதிவு விவரத்தைக் கேளுங்கள்.

கடனில் வாங்கிய வண்டியானால், கடன் அடைந்ததற்கு வங்கி தரும் தடையில்லாச் சான்றும், படிவம் 35-ம் வேண்டும். "டியூ முடிந்துவிட்டது, பேப்பர் பிறகு தருகிறேன்" என்பதை ஏற்கக் கூடாது. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29-ம் 30-ம் வேண்டும்.

புதுச்சேரி பதிவு வண்டிகள் நம் பக்கம் மலிவாக வருகின்றன. வேறு மாநிலப் பதிவுள்ள வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அந்த மாநிலத் தடையில்லாச் சான்றும், நம் மாநில ஆயுள் வரியும் அதற்கு வேண்டும். அந்த வரியைச் சேர்த்துப் பார்த்தால் மலிவு பல நேரம் மறைந்துவிடுகிறது.

பணம் கொடுக்கும் முறையிலும் கவனம் தேவை. ஒரே பரிவர்த்தனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவது வருமான வரிச் சட்டப்படி தடை. பெற்றவருக்கு அதே தொகை அபராதமாக விழும். வங்கி மூலம் கொடுங்கள், ரசீது வாங்குங்கள், ஒப்படைத்த தேதியும் நேரமும் எழுதிய டெலிவரி நோட்டில் இருவரும் கையெழுத்திடுங்கள். ஃபாஸ்டாக் பழைய உரிமையாளர் கணக்கில் இருந்தால் அதை முடிக்கச் சொல்லி, நம் பெயரில் புதிது வாங்க வேண்டும்.

யார் பெயரில் வாங்குவது?

வியாபாரிகளுக்கு இது முக்கியமான கேள்வி. கடைக் கணக்கில் வாங்கினால் தேய்மானம் கழிக்கலாம் என்று பலர் நிறுவனப் பெயரில் வாங்குகிறார்கள். கார் வாங்கும்போது செலுத்தும் ஜி.எஸ்.டி.க்கு நமக்கு உள்ளீட்டு வரவு பொதுவாகக் கிடையாது. தேய்மானம் கழித்த காரை ஜி.எஸ்.டி. பதிவுள்ளவர் பிற்பாடு விற்கும்போது, கணக்கில் மீதமுள்ள மதிப்பை விடக் கூடுதலாக விற்ற தொகைக்கு 18 சதவீத வரி உண்டு. 2025 ஜனவரி முதல் எல்லா ரகக் கார்களுக்கும் இந்த விகிதமே. கணக்கில் 1,50,000 நிற்கும் காரை 2,00,000-க்கு விற்றால் 50,000-க்கு 9,000 ரூபாய் வரி. மதிப்பை விடக் குறைவாக விற்றால் வரி இல்லை. பதிவு இல்லாத தனிநபர் தன் காரை இன்னொருவருக்கு விற்பதில் ஜி.எஸ்.டி. கிடையாது. ஆடிட்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

காப்பீட்டிலும் வேறுபாடு உண்டு. உரிமையாளரே ஓட்டும்போது அவருக்குக் கிடைக்கும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்கே செல்லும். அவரிடம் உரிமமும் இருக்க வேண்டும். அப்பா பெயரில் வாங்கி மகள் ஓட்டினால் மகளுக்கு அது பொருந்தாது. நிறுவனப் பெயரில் இருந்தால் அந்த உரிமையாளர் காப்பீடே இல்லை. யார் ஓட்டப் போகிறாரோ அவர் பெயரில் வாங்குவது நல்லது. இல்லையேல் ஓட்டுபவருக்குத் தனி விபத்துக் காப்பீடு எடுத்து வையுங்கள்.

உரிமம் இல்லாத பதினேழு வயதுப் பையனிடம் சாவி போகவே கூடாது. 2019 திருத்தச் சட்டப்படி, சிறுவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டிப் பதிவும் ஓராண்டுக்கு இரத்தாகும்.

காப்பீடு

மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம். 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணப்படி 1,000 சி.சி. வரை 2,094 ரூபாய்; 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய். இது நம்மால் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கு மட்டுமே. புதிய ஓட்டுநர் முதல் இரண்டு ஆண்டுகளாவது சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து முழுக் காப்பீடு எடுப்பது அவசியம்.

பழைய காரோடு வரும் காப்பீட்டை வாங்கிய 14 நாட்களுக்குள் நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மாற்றாமல் விட்டால் சொந்தச் சேதத்துக்கு இழப்பீடு கிடைக்காமல் போகும். முந்தைய உரிமையாளர் சம்பாதித்த நோ-க்ளைம் போனஸ் அவருக்கே சொந்தம். வண்டியோடு நமக்கு வராது. அதற்கான வித்தியாசத் தொகையை நாம் கட்ட வேண்டி வரும்.

விற்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை

நம் உறுப்பினர்களில் பலர் பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்குகிறார்கள். பணம் கைக்கு வந்ததும் கையெழுத்திட்ட படிவங்களைப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டு மறந்து விடுகிறார்கள். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது: கார் பல கை மாறி இருந்தாலும், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு. முகம் தெரியாத யாரோ ஒருவர் காப்பீடு இல்லாமல் ஓட்டி ஒரு குடும்பத்தை நிர்க்கதியாக்கினால், வழக்கு நம் கடை வாசலுக்கு வரும். ஆயுள் முழுதும் சேர்த்தது ஒரு கையெழுத்தில் போகலாம்.

மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் பெயர் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். முடிந்தால் இருவரும் சேர்ந்தே விண்ணப்பித்து விடுங்கள். பெயர் மாறும் வரை விலையில் ஒரு பகுதியை நிறுத்தி வைப்பது என்று இரு தரப்பும் பேசிக் கொள்ளலாம். 2023 ஏப்ரல் முதல் பழைய கார் விற்பனையாளர்களுக்கு ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்று முறை வந்துள்ளது. அங்கீகாரம் பெற்றவரிடம் ஒப்படைத்து இணையத்தில் அறிவித்துவிட்டால், அதன் பின் வண்டிக்கு அவரே பொறுப்பு. அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டுக் கொடுங்கள்.

வாங்கிய பின் முதல் மூன்று மாதம், புதியவர் அருகில் அனுபவம் உள்ள ஒருவர் உட்கார்ந்து வரட்டும். இரவு, மழை, நெடுஞ்சாலை ஆகியவற்றைப் படிப்படியாகப் பழகட்டும். டிக்கியில் நான்கு அரிசி மூட்டையை ஏற்றி, இது கடைக்கும் உதவும் என்று நினைக்காதீர்கள். பாரம் ஏறிய வண்டி பிரேக் பிடித்தாலும் தள்ளிப் போய்த்தான் நிற்கும். வண்டிக்குச் செலவு செய்யத் தயங்கி மெக்கானிக் கூலியில் ஐந்நூறு மிச்சம் பிடிப்பவர், பின்னால் ஐம்பதாயிரம் கொடுப்பதை நாம் கண்ணால் பார்த்துக் கொண்டிருக்கிறோம். பொறுமையாகத் தேடுங்கள், பத்து வண்டி பார்த்து ஒன்றை வாங்குங்கள், பெயரை மாற்றிய பிறகே சாவியை மாட்டும் ஆணியில் மாட்டுங்கள்.